கொழும்பு மாநகரின் மூச்சு

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சு)



உணவின்றிச் சில கிழமை வாழலாம். நீரின்றிச் சில நாள் தாங்கலாம். காற்றின்றிச் சில நிமிடமும் இயலாது. ஆயினும், சோற்றில் ஒரு கல் கடிபட்டால் முகஞ் சுளிக்கும் நாம், உள்ளிழுக்கும் காற்றில் என்ன கலந்திருக்கின்றது என்று கேட்பதில்லை. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

நம் முன்னோர் காற்றைத் திசையறிந்து பெயரிட்டு அழைத்தனர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் சோளகம் என்றும் வாடை என்றும் பருவத்தைக் காற்றின் பெயராலேயே குறிப்பர். காற்று எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி கொழும்பில் வாழும் நமக்கும் வேண்டியதே. இந்நகரின் காற்று எப்பொழுது தூயது, எப்பொழுது மாசடைந்தது என்பதற்கு விடை பெரும்பாலும் அக்கேள்வியிலேயே அடங்கியுள்ளது.

கொழும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை பெறும் கரையோர நகரம். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசுகின்றது. அது நெடுந்தூரம் இந்து சமுத்திரத்தின் மேல் தவழ்ந்து வருவது. கடலில் ஆலைப் புகையுமில்லை, வீதித் தூசியுமில்லை. ஆகவே உப்பும் ஈரமும் தவிர அது பெரிதாக எதனையும் சுமந்து வருவதில்லை. இடையிடையே பெய்யும் மழையும் நகரத்து அழுக்கைக் கழுவி விடுகின்றது. உடுப்புக் காயவில்லை, குடை உடைந்தது, தெருவெல்லாம் வெள்ளம் என்று நாம் குறைகூறும் அம்மாதங்களிலேதான் நமது சுவாசப்பைகள் ஆறுதலடைகின்றன.

மார்கழி தொடக்கம் மாசி வரையோ நிலைமை வேறு. வானம் தெளிந்திருக்கும், விடியற்காலை குளிர்ந்திருக்கும், மழையும் குறைவு. இதுவன்றோ நல்ல காலம் என்று மகிழ்கின்றோம். ஆனால் ஆண்டிலே கொழும்பின் காற்று மிகக் கெடுவது இப்பருவத்தில்தான். அக்காலத்து வடகீழ்க் காற்று நிலத்தின் வழியே வருவது. வட இந்தியச் சமவெளியின் புகையும் தூசும் வங்காள விரிகுடாவைக் கடந்து அதனோடு வந்து சேருகின்றன. மலைநாட்டைத் தாண்டி மேற்குக் கரையை அடையும்போது காற்றின் வேகமும் குன்றிவிடுகின்றது. தெளிந்த இரவில் தரை விரைந்து குளிர, தரையையொட்டிய குளிர்ந்த காற்றின்மேல் சூடான காற்று மூடிபோல் படிகின்றது. அம்மூடியின் கீழ் நகரத்துப் புகை வெளியேற வழியின்றித் தங்குகின்றது. வெயில் ஏறிக் கடற்காற்று எழும்பிய பின்னரே அது கலைகின்றது.

2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வங்காள விரிகுடாவில் மண்டோஸ் சூறாவளி உருவான வேளையில், அயல்நாட்டின் மாசடைந்த காற்று இலங்கை மீது ஈர்க்கப்பட்டது. கொழும்பில் மட்டுமன்றி நாட்டின் பல பாகங்களிலும் வானம் மங்கியது. டிசெம்பர் 9ஆந் திகதி அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளத்துக்காகப் பள்ளி மூடுவதை அறிந்திருந்த நமது பிள்ளைகள், மூச்சுவிடும் காற்றுக்காகப் பள்ளி மூடுவதை அன்று கண்டனர்.

அக்காற்றில் நாம் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியும் தூசியை அன்று. 2.5 மைக்குரோன் அளவிலும் சிறிய நுண்துகள்களே பெருந்தீமை செய்வன. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே அவை. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் சுவாசப்பையின் ஆழத்தை அடைகின்றன, இருதயத்தையும் தாக்குகின்றன. ஒரு நாட் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் இத்துகள் 15 மைக்குரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்துள்ளது. 2008இல் நமது நாடு விதித்த எல்லை 50. தொய்வு நோயுள்ள குழந்தைகளையும் முதியோரையும் இது முதலில் வருத்தும்.

“புகை அயலிலிருந்து வருகின்றது, நாம் என் செய்வோம்?” என்று சிலர் வினவலாம். அயலார் பங்கைக் குறைக்க நாடுகள் கூடியே முயல வேண்டும். தெற்காசிய நாடுகள் 1998இல் மாலைப் பிரகடனத்தின் மூலம் அதற்கு உடன்பட்டன. எனினும் பாதி நிறைந்த குடத்தில் நாமும் ஊற்றினால் அது வழியாமல் என் செய்யும்? வாகனப் புகையும், குப்பை எரிக்கும் புகையும், விறகடுப்புப் புகையும் நமது பங்கே. முயன்றால் குறைக்க முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. 2002இல் ஈயங் கலந்த பெற்றோல் இந்நாட்டில் நிறுத்தப்பட்டது. 2008இல் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கப்பட்டது. சட்டம் செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். பழக்கம் செய்ய வேண்டியதை நாம் செய்வோம்.

எவை அப்பழக்கங்கள்? மார்கழி, தை, மாசி மாதங்களில் முற்றத்துச் சருகையும் பிளாஸ்டிக் பைகளையும் கொளுத்தாதிருப்போம். பள்ளி வாசலிலும் கோயில் வாசலிலும் காத்து நிற்கும்போது வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்துவோம். வானொலியில் மழைச் செய்தி கேட்பதுபோல் அன்றைய காற்றின் தரத்தையும் அறிந்து, அது கெட்டிருக்கும் நாளில் விளையாட்டுப் பயிற்சியை ஒத்திவைப்போம். பெரியோர்களே, விடியுமுன் காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கரையிலோ உலாவுவது தங்கள் நெடுநாள் வழக்கம் என்பதை அறிவோம். இப்பருவத்தில் மட்டும், கடற்காற்று வீசும் பிற்பகலுக்கு அதனை மாற்றிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். வீட்டிலும் கவனம் வேண்டும். நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் யன்னல் அடைத்த அறையில் தங்கினால், அங்கே உறங்கும் குழந்தைக்கு முட்டு வரும். யன்னலைத் திறந்துவிடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இளைஞர்களே, சிரமதானத்தில் தெருவைக் கூட்டுகின்றோம், நல்ல பணி. ஆனால் கூட்டிய குப்பையைத் தெருமுனையில் கொளுத்திவிட்டால், காலடியில் கிடந்ததை அயல்வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் இட்டவர்களாவோம். இலையை உரமாக்குவோம், மற்றையதை நகரசபை வண்டிக்குக் கொடுப்போம். வரும் மார்கழியில் நமது சங்கத்து அங்கத்தவர் வீடுகளில் ஒரு குப்பைக் குவியலும் எரியாதிருக்கட்டும். வாடைக் காற்றை நிறுத்த நம்மால் இயலாது. அதனோடு நமது புகையைக் கலவாதிருக்க நிச்சயம் இயலும்.