ஒரே லோரியில் இருவர்: நெடுஞ்சாலையில் ஓடும் இல்லறம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



கல்யாண மண்டபங்களில் வாழ்த்துரை வழங்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரு வண்டியின் இரண்டு சக்கரங்கள் என்பார்கள். கேட்டவர்கள் கைதட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். அந்த வண்டி பத்துச் சக்கர லோரியாக இருந்து, கணவனும் மனைவியும் மெய்யாகவே அதில் ஏறிப் பிழைப்புக்குப் புறப்பட்டால் எப்படியிருக்கும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

பேராக் மாநிலத்தின் காம்பாரைச் சுற்றியுள்ள தாமான்களில் மாலை நேரத்தில் நடந்து பார்த்தால், சாலையோரத்தில் லோரிகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். கின்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கற்களையும் மணலையும் ஏற்றுபவை உண்டு. கேமரன் மலையின் காய்கறிகளைத் தாப்பா வழியாக இறக்கிக்கொண்டு இரவோடு இரவாகத் தலைநகர் போகிறவை உண்டு. கோப்பெங்கிலோ தாப்பாவிலோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கிறவையும் உண்டு. இவற்றின் ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர்களில் கணிசமானோர் தோட்டத்துப் பிள்ளைகள்.

தோட்டத்தில் இருந்த ஜோடி

தோட்ட வாழ்க்கையைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. விடியற்காலையில் கணவனும் மனைவியும் ஒன்றாகப் பெரட்டுக்குப் போவார்கள். அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டுவார்கள். முதலில் முடித்தவர் மற்றவருக்குக் கை கொடுப்பார். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் இருக்கும். அந்த வாழ்க்கையில் வறுமை இருந்தது, கங்காணியின் அதட்டல் இருந்தது, கடன் இருந்தது. அதை யாரும் பொற்காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் உழைப்பில் ஒரு ஜோடி இருந்தது. கணவன் படும் பாடு மனைவிக்குக் கண்கூடாகத் தெரியும். மனைவி சுமக்கும் வாளியின் பாரம் கணவனுக்குத் தெரியும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985-இல் ஈய விலை வீழ்ந்தபோது காம்பார் வட்டாரத்தின் மற்றொரு பிழைப்பும் சரிந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர். பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்த குடும்பத்தின் ஆண்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தான். மனைவி தொழிற்சாலைக்குப் போனாள், அல்லது வீட்டோடு இருந்தாள். இடம் மாறியது மட்டுமல்ல, அந்த ஜோடியும் பிரிந்தது.

இன்று லோரி ஓட்டுநரின் வீட்டில் நடப்பது என்ன? அவர் வரும்போது பிள்ளைகள் தூங்குகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் தூங்குகிறார். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அம்மா மட்டும். சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அரசாங்கம் சரக்கு லோரிகளுக்குச் சில நாள் தடை விதிப்பதால் அவர் வீட்டில் இருப்பார். தீபாவளிக்கு இருப்பாரா என்பது முதலாளி கொடுக்கும் டிரிப்பைப் பொறுத்தது! சிரிப்பாகத் தோன்றினாலும், பல வீடுகளில் இது கண்ணீரோடு சொல்லப்படும் சங்கதி.

எல்லை தாண்டிய எடுத்துக்காட்டுகள்

இந்தப் பிரிவுக்கு உலகில் சில தம்பதிகள் வேறு விதமாக விடை கண்டிருக்கிறார்கள். கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் ஏற்றுமானூரைச் சேர்ந்த ஜலஜா ரதீஷ் என்ற குடும்பத்தலைவி, லோரித் தொழில் செய்யும் தம் கணவர் ரதீஷோடு 2022-இல் காஷ்மீர் வரை சரக்கு லோரியில் பயணம் செய்தார். கணவருடன் மாறி மாறி ஓட்டினார். வழியில் லோரியிலேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தப் பயணங்களை அவர்கள் யூடியூபில் வெளியிட, மலையாளிகள் மட்டுமன்றிப் பலரும் பார்த்து வியந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் உண்டு. ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பகுதியைச் சேர்ந்த ஜோதிமணி, திருமணத்துக்குப் பின் கணவரிடமே லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வெளிமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர்.

அமெரிக்காவில் கணவன் மனைவி சேர்ந்து லோரி ஓட்டுவது பழகிப்போன ஒன்று. அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. அங்கே சரக்கு ஓட்டுநர் ஒருவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே ஓட்டலாம். ஒருவர் மட்டும் இருந்தால் வண்டி நின்றுதான் ஆக வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் பின்னால் உள்ள படுக்கையில் உறங்க, மற்றவர் ஓட்டலாம். முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டும்போது நிம்மதியாகக் கண்ணை மூட முடியுமா? வாழ்க்கைத்துணை ஓட்டினால் முடிகிறது. அதனால்தான் அங்குள்ள நிறுவனங்கள் தம்பதிகளை விரும்பி எடுத்துக்கொள்கின்றன.

இதிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஓடுகிற வண்டியில் உறங்குவது கட்டிலில் உறங்குவது போலாகாது. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் உறங்குவதால், ஒரே லோரியில் இருந்தும் பேசிக்கொள்ள நேரம் கிடைக்காத தம்பதிகளும் உண்டு. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போக இன்னொரு அறையும் கிடையாது!

இங்கே ஏன் அரிது?

மலேசியாவில் இது அரிதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது தூரம். வட எல்லையிலிருந்து தென்முனை வரை ஒருவரே ஓர் இரவில் ஓட்டிவிடலாம் என்று முதலாளி கணக்குப் போடுகிறார். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அவருக்கு மனம் வருவதில்லை. இரண்டாவது, வண்டியின் அமைப்பு. உள்ளூரில் ஓடும் பல லோரிகளில் படுக்கை வசதி கிடையாது. மூன்றாவது, ஓய்விடம். தாப்பாவிலும் சிம்பாங் பூலாயிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்கள் இருக்கின்றன. ஆனால் இரவில் லோரி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. ஒரு பெண் பயமில்லாமல் குளித்து, உடை மாற்றி, நாலு மணி நேரம் கண்ணயர வேண்டுமானால் இன்னும் நிறைய செய்தாக வேண்டும்.

நான்காவது காரணம் நம் மனத்தில் இருக்கிறது. பொம்பளைக்கு எதற்கு லோரி என்ற பேச்சு. பத்து நிரை பால் வெட்டி, வாளியைத் தோளில் சுமந்து நடந்த பாட்டியின் பேத்திக்கா இந்தக் கேள்வி? சாலைப் போக்குவரத்து இலாகா கனரக வாகனத்துக்கு ‘இ’ பிரிவு உரிமமும், சரக்கு ஓட்ட ஜிடிஎல் உரிமமும் கேட்கிறது. வயதைக் கேட்கிறது, உடல் தகுதியைக் கேட்கிறது, பயிற்சியைக் கேட்கிறது. ஆணா பெண்ணா என்று பார்த்து மறுப்பதில்லை.

பக்கத்து இருக்கையின் பலம்

2025 மே 13-ஆம் தேதியை பேராக் மக்கள் மறக்க மாட்டார்கள். காம்பாரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தெலுக் இந்தான் வட்டாரத்தில், கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீஸாரின் வாகனமும் மோதி ஒன்பது போலீஸார் உயிரிழந்தனர். ஒன்பது குடும்பங்கள் ஒரே காலையில் இருண்டன. அதன்பின் அதிக பாரம், வண்டிப் பராமரிப்பு, ஓட்டுநரின் நிலைமை ஆகியவை நாடெங்கும் பேசப்பட்டன. சரக்கு வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒழுங்காக இயங்குவதை உறுதிப்படுத்தும் நடவடிக்கை 2025 அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகத் தொடங்கியது.

கருவி வேண்டும், சட்டமும் வேண்டும். அவற்றோடு, “பாரம் அதிகமா இருக்குங்க, ஏத்தாதீங்க” என்று சொல்ல ஒரு குரலும் வேண்டும். டிரிப் கணக்கில் கூலி வாங்குகிற ஓட்டுநர் முதலாளியிடம் வாய் திறக்கத் தயங்குவார். துறைமுகத்தில் ஐந்தாறு மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு, அந்த நேரத்தைச் சாலையில் ஈடுகட்டப் பார்ப்பார். கண் சொக்கினாலும் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று மிதிப்பார். ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கத்தை ஒட்டிய இறக்கத்தில் ஒரு நொடி அசந்தால் என்ன ஆகும் என்பது அந்தப் பாதையில் ஓடுகிற எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் மனைவி இருந்தால், “ஓய்விடம் வருது, நிறுத்துங்க. ஒரு மணி நேரம் படுத்திட்டுப் போவோம்” என்பாள். கெலிண்டானாக வருகிற பையன் அப்படிச் சொல்வானா? சொன்னாலும் எடுபடுமா?

சொல்லாமல் விடக்கூடாத கணக்கு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மனைவியைச் சும்மா ஏற்றிக்கொண்டு போவது வேறு, முறைப்படி துணையாகச் சேர்த்துக்கொள்வது வேறு. முதலாளியின் லோரியில் அனுமதியில்லாமல் மனைவியை ஏற்றினால், விபத்து நேரும்போது இழப்பீட்டில் சிக்கல் வரலாம். சம்பளம் இல்லாமல், பெயர்ப் பதிவு இல்லாமல் உழைக்கிற பெண்ணுக்கு அடிபட்டால் யார் கேட்பார்?

சொந்த லோரி வைத்திருப்போர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். முன்பு தொழில் நடத்துகிறவரின் மனைவி அவரிடமே வேலை பார்த்தால் பெர்கேசோ பாதுகாப்பு கிடைக்காத நிலை இருந்தது. 2018 ஜூலை 1 முதல் அந்தக் கதவு திறந்துவிட்டது. சம்பளம் போட்டு, சந்தா கட்டினால் மனைவியும் பாதுகாக்கப்பட்ட தொழிலாளிதான். சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டம் 2017-இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி, 2020-இல் சரக்குப் போக்குவரத்து உட்பட மேலும் பல துறைகளுக்கு விரிந்தது. இல்லத்தரசிகளுக்கான திட்டம் 2022 டிசம்பரில் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் தொடங்கப்பட்டது. ஆனால் அது வீட்டுப் பராமரிப்பை மையமாக வைத்தது. லோரியில் போகிற பெண் அதை மட்டும் நம்பிவிடாமல், எந்தத் திட்டம் தனக்குப் பொருந்தும் என்று பெர்கேசோ அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெளிவது நல்லது.

எல்லாப் பெண்களும் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும் என்பதல்ல இந்த வாதம். கைக்குழந்தையோடு இருப்பவரால் முடியாது. தோட்டத்தில் இருந்த ஆயாக் கொட்டகை தாமானில் இல்லை. பாட்டியோ சித்தியோ பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால்தான் இருவரும் சேர்ந்து போக முடியும். பள்ளி வயதுப் பிள்ளைகளை இரவில் தனியே விட்டுவிட்டுச் சம்பாதிக்கும் பணம் வீட்டுக்கு வந்து சேராத பணம். பிள்ளைகள் வளர்ந்து, காம்பாரில் 2007-இலிருந்து இயங்கும் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்துக்கோ வேறிடத்துக்கோ படிக்கப் போன பிறகு, வீட்டில் தனியே இருக்கும் மனைவி கணவரோடு பயணம் போவது பல குடும்பங்களுக்குப் பொருந்திவரும்.

சாலைக்கு வராத மனைவியும் லோரியின் பங்காளியாக இருக்கலாம். பஸ்போக்கோம் பரிசோதனை எப்போது, பெர்மிட் எப்போது முடிகிறது, தவணைப் பாக்கி எவ்வளவு என்பவை அவர் விரல்நுனியில் இருக்க வேண்டும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியபோது, தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு மானிய அட்டை வழங்கப்பட்டது. கணக்கை ஒழுங்காக வைத்திருந்த வீடுகளுக்கு அந்த விண்ணப்பம் சுலபமாயிற்று. மற்றவர்கள் தாள்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

லோரிக் கடனுக்குக் கையெழுத்துப் போட மட்டும் மனைவி வேண்டும், தொழிலின் பெயர்ப் பதிவில் அவள் வேண்டாம் என்றால் அது என்ன நியாயம்? மத்தியப் பிரதேசம் போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர். கணவர் இறந்த பிறகு, குழந்தைகளைக் காப்பாற்ற அவரே லாரி ஓட்டப் புறப்பட்டார். அவருடைய துணிச்சல் பாராட்டத்தக்கது. ஆனால் அப்படி ஓர் இடி விழுந்த பிறகுதான் ஒரு பெண் தொழிலைக் கற்க வேண்டுமா? கணவன் நலமாக இருக்கும்போதே கற்றுக்கொண்டால் ஆகாதா?

என்ன செய்யலாம்?

லோரி ஓட்டுநர் குடும்பங்கள் இந்த வாரக் கடைசியில் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலில், லோரி சம்பந்தப்பட்ட எல்லாத் தாள்களையும் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை படிக்கட்டும். அடுத்து, பெர்கேசோ சந்தா இருவர் பெயரிலும் உண்டா என்று பார்க்கட்டும். மூன்றாவதாக, விருப்பமும் உடல்நலமும் உள்ள மனைவி உரிமம் எடுக்க விரும்பினால் கணவன் தடுக்காமல் துணை நிற்கட்டும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓட்டுநருக்கு ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுவோர், தம்பதிகளுக்கு ஒரு லோரியை ஒதுக்கி, இருவருக்கும் முறையான சம்பளம் கொடுத்துப் பார்க்கட்டும். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்கட்டும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பெண் ஓட்டுநர்களையும் மனத்தில் வைத்துக் குளியலறைகளும் வெளிச்சமுள்ள நிறுத்துமிடங்களும் அமையட்டும்.

ரப்பர் நிரையில் அருகருகே நின்று உழைத்த ஜோடியைக் காலம் பிரித்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் விரும்பினால் நெடுஞ்சாலையில் அந்த ஜோடியாக மீண்டும் சேரலாம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டிலும் தொழிலிலும் இடம் கொடுக்க வேண்டியது மட்டுமே பாக்கி.