செல்லாக் காசும் செலவாகும் பணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நமக்குப் பழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர், "இல்லந்தோறும் பூசல் விளைவிக்கும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தனர். மாமியார் மருமகள் பூசலோ என்று அஞ்சினோம். இல்லை, கைப்பேசி விளையாட்டில் புழங்கும் காசைப் பற்றி என்றனர். அச்சம் இன்னும் மிகுந்தது. ஏனெனில், அந்தக் காசால் கலங்கிய இல்லம் ஒன்றை நாம் அறிவோம்.

நம் காலனியிலேயே உள்ள குடும்பம் அது. மகளின் பள்ளிக் கட்டணத்தில் இரண்டாம் தவணைக்கென்று தாயார் வங்கியில் பணம் சேர்த்து வைத்திருந்தார். கட்ட வேண்டிய நாளில் பார்த்தால் 8,600 ரூபாய் குறைந்திருந்தது. நூறும் இருநூறுமாக இரண்டு திங்களில் கரைந்த தொகை அது. பன்னிரண்டு வயது மகன் தாயின் கைப்பேசியில் விளையாடுபவன். கடவுச் சொல்லும் அவனுக்குத் தெரியும். தந்தையார் கையை ஓங்கிவிட்டார். சிறுவன் அழுதுகொண்டே சொன்ன விடைதான் நம்மை இன்று பேச வைத்தது. "அப்பா, நான் பணத்தைச் செலவு செய்யவில்லை. வைரத்தைத்தான் செலவு செய்தேன்!"

அவன் பொய் சொல்லவில்லை என்பதை நாம் முதலில் உணர வேண்டும். அவன் கண்ணுக்கு ரூபாய் தெரியவே இல்லை. தெரிந்தது வைரம் மட்டுமே. அவ்வாறு தெரியும்படியே அந்தக் கடை அமைக்கப்பட்டிருக்கிறது.

பலர் கூடி ஆடும் இவ்விளையாட்டுகளில் பெரும்பாலும் இருவகைக் காசு உண்டு. ஒன்று உழைத்துப் பெறுவது. நாள்தோறும் வந்து, இட்ட பணியை முடித்து, எதிரியை வென்றால் சிறிது சிறிதாகச் சேரும். மற்றொன்று ரூபாய் கொடுத்து வாங்குவது. பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் விளையாட்டில் இதற்கு யூசி என்று பெயர்; ஃபிரீ ஃபயரில் வைரம்; ரோப்லாக்ஸில் ரோபக்ஸ். கண்ணைப் பறிக்கும் உடையும் அணியும் பெரும்பாலும் இந்த இரண்டாம் காசுக்கே கிடைக்கும். ஒரு பொருளின் விலை நூறு வைரம் என்றால், வைரம் விற்கும் கட்டு எண்பதாகவோ நூற்றைம்பதாகவோ இருக்கும். எஞ்சிய ஐம்பது வைரம் அடுத்த கட்டை வாங்கச் சொல்லிக் கையை இழுக்கும்.

வேறு சிலவற்றில் பொருளையே நேரே விற்பதில்லை. மூடிய பெட்டியை விற்பார்கள். உள்ளே இருப்பது அவரவர் அதிர்ஷ்டம். இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் பெல்ஜியம் நாட்டின் ஆணையம் முடிவு செய்தது. சூதுக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழி வந்த நமக்கு இதைப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

இனி, இந்தக் காசு எவ்வாறு உலவுகிறது என்று காண்போம். அல்சூர் ஏரியை நாள்தோறும் காணும் நமக்கு இது எளிதில் விளங்கும். ஏரிக்கு நீர் வரும் கால்வாயும் வேண்டும். நீர் போகும் மதகும் வேண்டும். ஆடுவோர்க்குப் பரிசாக வழங்கும் காசு கால்வாய். ஆயுதம் பழுது பார்க்கவும் ஆடை வாங்கவும் அவர்கள் திருப்பித் தரும் காசு மதகு. மதகு அடைபட்டால் காசு பெருகி, ஆடுவோர் தமக்குள் விற்கும் பண்டங்களின் விலை விண்ணை முட்டும். நாட்டில் பணவீக்கம் என்று எதைச் சொல்கிறோமோ அதுவே அங்கும் நிகழும். இதைக் காக்கவே ஐஸ்லாந்து நாட்டில் ஈவ் ஆன்லைன் என்னும் விளையாட்டை நடத்தும் நிறுவனம் 2007இல் பொருளியல் அறிஞர் ஒருவரைப் பணியில் அமர்த்தியது. அதற்கு முன்பே, 2001இல், அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்டு காஸ்ட்ரனோவா, எவர்குவெஸ்ட் விளையாட்டில் வரும் நோராத் என்னும் கற்பனை நாட்டை ஆராய்ந்தார். அங்கே தலைக்கு விளையும் செல்வம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது எனக் கணக்கிட்டு உலகை வியக்க வைத்தார்.

கற்பனை நாட்டில் செல்வம் விளைந்தால், அதைத் தோண்டி எடுக்கும் கூலியாளும் தோன்றுவான் அல்லவா? நம்முள் பலருடைய முன்னோர் கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தவர்கள். அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் சீனத்து இளைஞர்கள் அறைகளில் வரிசையாக அமர்ந்து, இரவு பகலாக விளையாட்டுப் பொன்னைத் தோண்டி, மேலைநாட்டு ஆட்டக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினர். இவ்வகை வெளி வாணிகம் 2009ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 300 கோடி டாலர் மதிப்புடையது என்று 2011இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வு கூறிற்று. தங்கவயலில் பொன் எடுத்தவனுக்குப் பொன் சொந்தமில்லை, கூலியே சொந்தம். இங்கும் அதே கதைதான்.

வாங்கியவனுக்காவது அது சொந்தமா? அதுவும் இல்லை. நம் பெங்களூரில் 2010இல் அலுவலகம் திறந்த ஸிங்கா நிறுவனத்தின் ஃபார்ம்வில் விளையாட்டை இங்குள்ள தாய்மார்கள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். திரையில் உழுது, விதைத்து, அறுவடைக்கு நேரம் பார்த்து எழுந்தவர்கள் உண்டு. 2020 நவம்பர் 17ஆம் நாளுக்குமேல் அதில் பணம் செலுத்தும் வழி அடைக்கப்பட்டது. டிசம்பர் 31ஆம் நாள் விளையாட்டே மறைந்தது. பட்டா இல்லாத நிலம், போயிற்று. 2022 பிப்ரவரியில் ஃபிரீ ஃபயர் நம் நாட்டில் தடை செய்யப்பட்டபோதும், வைரம் வாங்கிச் சேர்த்தோர் கையைப் பிசைந்தனர்.

சட்டம் காவாதோ என்பீர்கள். பணயம் வைத்துப் பணம் வெல்லும் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. நல்லதே. ஆயினும், பணம் வெல்லும் நோக்கமின்றி ஆடைக்கும் அணிக்கும் கொடுக்கும் பணம் அத்தடைக்குள் அடங்குவதன்று. அந்த வாயிலுக்குக் காவல் நம் இல்லமே.

அந்தக் காவலை எவ்வாறு செய்வது? மீண்டும் அந்தக் குடும்பத்துக்கே வருவோம். ஓங்கிய கையைத் தடுத்தவர் பாட்டனார்; அரசுத் தொழிற்சாலையில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். பேரனை அருகில் அமர்த்தி, "எங்கள் தொழிற்சாலையில் கேண்டீன் டோக்கன் என்று ஒன்று இருந்தது, கண்ணா. காசு கொடுத்து வாங்குவோம். உள்ளே இட்லி கிடைக்கும். அதையே எடுத்துக்கொண்டு சிவாஜிநகர் கடைக்குப் போனால் ஒரு வெற்றிலைகூடத் தரமாட்டான். உன் வைரமும் அப்படித்தான். உள்ளே போகும் வழி உண்டு; ரூபாயாகத் திரும்பும் வழி இல்லை" என்றார். பின்னர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வாங்கியவை ஒவ்வொன்றையும் ரூபாயில் எழுதச் செய்தார். கூட்டிய தொகைக்கு எதிரே, அவன் தந்தையார் அதை ஈட்ட எத்தனை நாள் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார். சிறுவன் எழுதினான், எழுத்தின்மேல் கண்ணீர் விழுந்தது.

எழுதி முடித்த பின் அவன் கேட்டதையும் மறைத்தல் தகாது. "தாத்தா, எல்லாரும் புதிய உடையில் வருகிறார்கள். என் ஆளை மட்டும் பழைய உடையில் பார்த்துச் சிரிக்கிறார்கள். தீபாவளிக்கு நமக்குப் புது உடை எதற்கு?"

பாட்டனார் விடை கூறாது சற்று நேரம் இருந்தார். நம்மாலும் உடனே விடை கூற இயலவில்லை. பிழைப்புத் தேடி இவ்வூர் வந்த நாளில், பண்டிகையன்று பழைய சட்டையோடு தெருவில் நிற்கக் கூசிய சிறுவர்களாக நாமும் இருந்தோம் அல்லவா? அவன் விரும்பியது வைரத்தை அன்று. தோழர் நடுவே ஒரு மதிப்பை. அந்த விருப்பம் குற்றமன்று. தமக்கையின் கல்விப் பணத்தை அறியாமல் அதற்குக் கொடுத்ததே குற்றம். அறியும்படி நாம் சொல்லித்தராததும் குற்றம்.

ஆதலின் தாய்மார்களே, தந்தையர்களே, சில சொற்கள். கைப்பேசிக் கடையில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச் சொல் கேட்கும்படி அமையுங்கள். அச்சொல்லைப் பிள்ளைகளிடம் தராதீர்கள். சேமிப்புக் கணக்கைக் கைப்பேசியோடு பிணைக்காமல், சிறு தொகையுள்ள தனிக் கணக்கைப் பிணையுங்கள். அறியாது பணம் போயிருப்பின், நாணி மறைக்காமல் உடனே அக்கடைக்கும் வங்கிக்கும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அவன் ஆடுவதை ஒருநாள் பாருங்கள்.

இளைஞர்களே, வாங்குமுன் வைரத்தை ரூபாயாக்கிப் பாருங்கள். ரூபாயை உழைப்பாக்கிப் பாருங்கள். அதன் பின்னும் தகும் என்று தோன்றினால், உங்கள் கைச்செலவுப் பணத்தில், பெற்றோர் அறிய வாங்குங்கள். இவ்விளையாட்டுகளை ஆக்கும் கூடங்கள் இந்நகரிலேயே உள்ளன. ஓவியமும் கணிதமும் பயின்று அங்கே பணி பெறுவோரும் உண்டு. ஏரியில் குளிப்பதோடு நில்லாமல், ஏரி வெட்டவும் கற்றுக்கொள்ளுங்கள்.

அந்த இல்லத்தில், குறைந்த தொகையைச் சீட்டு எடுத்துக் கட்டினர். போன பணம் திரும்பவில்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் இன்றும் உள்ளது. திங்கள்தோறும் கைச்செலவுக்குக் கிடைக்கும் சிறு தொகையில் ஒரு பங்கை அச்சிறுவன் தமக்கையின் பெயருக்கு வரவு வைக்கிறான். கடன் தீர நெடுநாளாகும். ஆயினும் தாயார் அந்த ஏட்டைக் கேட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இழந்த நம்பிக்கை மீண்டது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத செல்வம் அது ஒன்றே.

வளர்க சங்கம்! வாழ்க தமிழ்!