தொண்டர் சங்கமும் முதற்பணியும்

ஊதியம் பெறாத தொண்டர்களால் நடைபெறும் தொழில்வல்லார் சங்கம் ஒன்று, வருங்காலத்தில் எதை முதலில் செய்வது, எதைப் பின்னர்ச் செய்வது என்று எவ்வாறு முடிவு செய்யலாம்? பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1894ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் கூடி, பயிற்சி பெற்ற மஸாஜ் பணியாளர்க்கென ஒரு சங்கம் கண்டனர். அக்காலத்தில் அத்தொழிலின் பெயரால் தகாத செயல்கள் நடைபெற்றமையால், தொழிலின் நற்பெயரைக் காப்பதே அவர்தம் முதற்கடமையாயிற்று. விதிகள் வகுத்தனர், தேர்வும் நடத்தினர். 1920இல் அரச பட்டயம் கிடைத்தது. அரசு பதிவேட்டுக்கான சட்டமோ 1960இல்தான் வந்தது. அதுவரை 66 ஆண்டுகள் சங்கமே வாயிற்காவலனாக நின்றது.

நம் நாட்டில் இத்துறை வேரூன்றியதற்கு இளம்பிள்ளைவாதம் ஒரு முக்கிய காரணம். 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் அந்நோய் பரவியதை அடுத்து, அங்கே கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் தோன்றியது. அந்நோயோ இன்று நம்மிடையே இல்லை. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கைக் கிருமியால் அது எவரையும் தாக்கியதாகப் பதிவாகவில்லை. 2014இல் அதற்கான சான்றும் கிடைத்தது. இன்று பக்கவாதமும் முழங்கால் தேய்வும் முதுமைத் தளர்ச்சியுமே இயன்முறை மருத்துவரின் வாயிலில் வந்து நிற்கின்றன.

வேறொரு மாறுதலும் நிகழ்ந்துள்ளது. 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இத்துறை உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கு மைய ஆணையமும் மாநில அவைகளும் பதிவேடுகளும் அமைய வழிசெய்தது. வாயிற்காவல் சட்டத்தின் கடமையாகிவிட்ட பிறகு, சங்கம் அதனைக் கண்காணித்தல் வேண்டும். ஆனால் தன் வலிமை முழுவதையும் அதிலேயே செலவிடல் தகாது.

பகலெல்லாம் நோயாளியைத் தாங்கிப் பிடித்த கைகள், மாலையில் சங்கத்துக்கு அளிக்கக்கூடியது வாரம் ஓரிரு மணி நேரமே. அதுவே அச்சங்கத்தின் மூலதனம். ஆகவே, ஒரு பணியை மேற்கொள்ளுமுன் மூன்று கேள்விகள் கேட்டல் நலம். சட்டம் இதைச் செய்துவிடுமா? ஒரு மருத்துவமனை தனித்தே செய்துவிடுமா? இரண்டுக்கும் இல்லை என்பது விடையானால், நம் குறுகிய நேரத்துக்குள் இது முடியுமா?

இவ்வளவுகோலால் பார்த்தால் இரு பணிகள் முன்னே வருகின்றன. சிற்றூர்களில் தனித்துப் பணிபுரியும் இளைஞர்கள் மாதந்தோறும் மூத்தவரோடு கலந்தாய்வதற்கு வழி காண்பது ஒன்று. நோயாளியின் தாய்மொழியில் பயிற்சிக் குறிப்புகள் அளிப்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவன் என்னும் முறையில் இரண்டாவதைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன்.

இயன்முறை மருத்துவத்தில் பெரும்பகுதி நோயாளியின் வீட்டில்தான் நடைபெறுகிறது. தில்லியிலோ புனேயிலோ மகன் வீட்டில் வாழும் தமிழ் மூதாட்டிக்கு இந்தியிலோ மராத்தியிலோ சொல்லப்பட்ட பயிற்சி, படியிறங்குமுன் மறந்துபோகும். மறந்த பயிற்சி உண்ணாத மருந்துக்கு ஒப்பாகும். "தொடைத் தசையை இறுக்குக" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் பயனில்லை. "முழங்காலின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணும் வரை அப்படியே இருங்கள்" என்றால் எவருக்கும் விளங்கும். அக்குறிப்பைப் படித்துக் காட்டி, கேட்டவர் அதைச் செய்ய, இயன்முறை மருத்துவர் அருகிருந்து பார்த்துச் சரியென்றால்தான் மொழிபெயர்ப்பு முடிந்ததாகக் கொள்ளலாம்.

இங்கேதான் வெளிமாநிலங்களில் வாழும் நமக்குக் கடமை உண்டு. இரு மொழியும் அறிந்தவர் நம் தமிழ்ச் சங்கங்களில் பலர். மருத்துவ அறிவு அவர்களுடையது, மொழியறிவு நம்முடையது. உங்கள் நகரிலுள்ள இயன்முறை மருத்துவரை அணுகி, ஒரே ஒரு குறிப்பில் தொடங்குங்கள். அது நன்கு முடிந்தபின் அடுத்ததை எடுக்கலாம். பத்துத் திட்டங்களை ஏட்டில் எழுதிவைக்கும் சங்கத்தைவிட, ஒரு மூதாட்டியைத் தன் காலில் நடக்கச் செய்யும் சங்கமே நெடுநாள் வாழும்.