கழிவைப் பொருளாக்கும் கைகளுக்கு உரிய ஊதியம் எங்கே?



எறியப்படும் பொருளை மீண்டும் உற்பத்திக்குள் கொண்டுவருவதே சுழற்சிப் பொருளாதாரம். பெருநிறுவனங்களின் அறிக்கைகளில் இச்சொல் இன்று பெருமையுடன் இடம்பெறுகிறது. ஆனால், எறிந்த பொருளை வீட்டு வாசலிலிருந்து திரும்பக் கொண்டுவருவது யார்? அந்தச் செலவை ஏற்பது யார்? கேரள உள்ளாட்சிகளின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

திருவனந்தபுரம் மாநகரின் குப்பை பல ஆண்டுகள் விளப்பில்சாலை கிராமத்துக்கே சென்றது. மக்கள் போராடினர், 2011 டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே அந்த ஆலையைப் பூட்டியது. அன்று மாநகராட்சியை நடத்தியது இடது ஜனநாயக முன்னணி. நகரத்தின் சுமையைக் கிராமத்தின் தலையில் இறக்க முடியாது என்ற பாடத்தை இடதுசாரிகளும் கற்க நேர்ந்தது.

2016இல் தொடங்கப்பட்ட ஹரித கேரளம் இயக்கம் வேறு வழியை வகுத்தது. மட்கும் கழிவு வீட்டிலேயே உரமாகிறது. மட்காத கழிவை ஹரித கர்ம சேனையினர் வீடு வீடாகப் பெற்று, பஞ்சாயத்தின் சேகரிப்பு மையத்தில் தரம் பிரிக்கின்றனர். இவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீ பெண்கள். நல்ல பிளாஸ்டிக் விற்பனைக்குச் செல்கிறது. ஒரு பகுதி அரைக்கப்பட்டுத் தார்ச்சாலையில் சேர்கிறது. பல அடுக்கு உறைகளை வாங்க ஆளில்லை. அவை சிமெண்ட் ஆலை உலைக்குப் போகின்றன. உலையில் எரிவது சுழற்சி ஆகாது.

சேனையின் வருவாய் என்ன? வீடொன்றுக்கு மாதம் சுமார் 50 ரூபாய் கட்டணமும், பொருள் விற்ற தொகையுமே. 2023இல் பரப்பனங்காடி நகராட்சியின் சேனைப் பெண்கள் 11 பேர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு 10 கோடி ரூபாய் பரிசு விழுந்தது. நாடே வியந்தது. அந்தச் சீட்டின் விலை 250 ரூபாய். அதைத் தனியொருவராக வாங்க இயலாமல்தான் 11 பேர் கூடினர் என்பதே வியப்புக்குரியது.

உற்பத்தியாளரின் பொறுப்பை ஒன்றிய அரசின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் வரையறுக்கின்றன. ஆனால், நிறுவனங்கள் வாங்கும் சான்றிதழை உருவாக்கும் உரிமை பதிவுபெற்ற பதப்படுத்தும் ஆலைகளுக்கே உண்டு. வாசலில் சாக்குடன் நிற்கும் பெண்ணுக்கு அக்கணக்கில் இடமில்லை. இலாபம் நிறுவனத்துக்கு, உழைப்பு பெண்ணுக்கு, பழி பஞ்சாயத்துக்கு என்பதே நடைமுறை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை: உற்பத்தியாளர் செலுத்தும் தொகையில் உள்ளாட்சிக்குச் சட்டபூர்வப் பங்கு, சேனையினருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும், மறுசுழற்சிக்கு உதவாத உறைகளுக்குத் தடை. இவற்றை ஒவ்வொரு கிராம சபையிலும் எழுப்புவது கட்சிக் கிளைகளின் கடமையாகும்.