ஓடுகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

  

பாரசீக மட்பாண்டத்துக்கும் மட்டக்களப்புக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்பீர்கள். மன்னாரிலிருந்து தொடங்குகிறேன். திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் 1980 முதல் 1984 வரை அகழாய்வு செய்தார்கள். போர் மூண்டது; வேலை நின்றது. அதற்குள்ளேயே சீனப் பாண்டங்களின் ஓடுகளும், பாரசீக வளைகுடாப் பக்கமிருந்து வந்த நீலப்பச்சை மெருகுச் சாடிகளின் ஓடுகளும் வெளிவந்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தின் வாசலிலே வளைகுடாச் சாடி!

அந்த வளைகுடாப் பக்கத்துக் குயவர்களின் கதையைக் கேளுங்கள். சீனத்து வெண்பீங்கானைக் கண்டு மேற்காசியா சொக்கிப்போனது. அதற்குரிய களிமண் அங்கே இல்லை. கையைக் கட்டிக்கொண்டா இருந்தார்கள்? 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராக் குயவர்கள் வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசிச் சாதாரண மண்ணை வெண்மையாக்கினார்கள். அதன்மேல் வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் சித்திரம் எழுதி, புகை சூழ்ந்த சூளையில் மறுபடியும் சுட்டார்கள். ஒரு குன்றிமணிப் பொன்கூட இல்லாமல் பொன்னொளி வந்தது!

ஈரானின் நிஷாபூர் நகரிலே 10ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் எழுத்தையே அலங்காரமாக்கினார்கள். வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் கருமையான அரபு எழுத்தில் வாழ்த்தும் மூதுரையும் ஓடின. பிறகு வந்தது ஈரானின் காஷான் நகரம். படிகக்கல் பொடி பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெண்களி ஒரு பங்கு: அங்கே குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்த பாண்டக் கலவை இது. அந்த வெண்ணிற உடலின் மேல் குதிரைவீரரும் அரசவையும் காதலரும் பல வண்ணத்தில் உயிர்பெற்றார்கள்.

இன்னும் கேளுங்கள். ஈரானின் கோபால்ட் நீலம் சீனாவுக்குப் போயிற்று. 14ஆம் நூற்றாண்டில் ஜிங்டெசென் சூளைகளில் அது நீல-வெள்ளைப் பீங்கானாக மலர்ந்தது. ஈரானைச் சபாவியர் ஆண்ட காலத்தில் அங்குள்ள கிர்மான் குயவர்கள் அந்தப் பீங்கானைப் பார்த்துத் தாங்களும் வனைந்தார்கள். இதில் எது சீனம், எது பாரசீகம்? பிரித்துக் காட்ட யாரால் முடியும்?

இந்தப் போக்குவரத்தின் நடுவழியில் இருந்தது நமது இலங்கை. காலியில் 1911இல் கிடைத்த கல்லைக் கொழும்பு நூதனசாலையில் பாருங்கள். 1409ஆம் ஆண்டுத் தேதியோடு, சீனத்திலே புத்தருக்கும், தமிழிலே தென்னாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகத்திலே அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது அது. ஒரே கல், மூன்று மொழி, மூன்று வழிபாடு!

ஆனால் நாமோ, எங்கள் கலை எவரிடமும் கடன்படாதது என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். கடன்படாத கலை வளர்ந்ததாக ஒரு சூளையும் சாட்சி சொல்லவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ மெருகிட்ட ஓடு தென்பட்டால் விற்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர்களுக்கும் அறிவியுங்கள்.

யார் முதலில் வந்தவர் என்ற நம் வழக்கை அந்த ஓடுகளிடம் கொண்டுபோக வேண்டாம். யார் யாரோடு கொண்டார், கொடுத்தார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவை விடை சொல்லும்.