நிறையும் கன அளவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலில் கற்றதைச் சொல்லும்படி சங்கச் செயலாளர் பணித்தார். நான் சாலைப் பணிகளில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவன். என் பிழைப்பே ஒரு வகுத்தல் கணக்குத்தான். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் வகுப்பது சுலபம்; அந்த இரண்டு எண்களையும் ஒழுங்காகப் பெறுவதுதான் கஷ்டம்.

கான்கிரீட் கனசதுரம் என்றால் தொல்லையில்லை. பக்கம் 15 செ.மீ., கன அளவு 3,375 க.செ.மீ. எடை 8.1 கிலோ இருந்தால் கன மீட்டருக்கு 2,400 கிலோ. முடிந்தது. ரோலர் ஓட்டிய மண்கரையில் என்ன செய்வது? ஒரு சிறு குழி தோண்டுகிறோம். தோண்டிய மண்ணைச் சிந்தாமல் எடை போட்டுவிடலாம். ஆனால் கோணல்மாணலான அந்தக் குழியின் கன அளவு?

அதற்குத்தான் மணல். சலித்து உலர்த்திய மணலின் அடர்த்தியை முன்பே கண்டு வைத்திருப்போம். அதைச் சிலிண்டரிலிருந்து குழிக்குள் விழ விடுகிறோம். கூம்பில் தங்கியதைக் கழித்து, குழிக்குள் போனது 1,740 கிராம். மணலின் அடர்த்தி 1.45 என்றால், குழி 1,200 க.செ.மீ. அந்த நேரம் பக்கத்தில் ரோலர் ஓடக்கூடாது. அதிர்வில் மணல் நெருங்கி உட்காரும். கூடுதல் மணல் இறங்கும். குழி பெரிதாகத் தெரியும். நல்ல மண்கூட ஃபெயிலாகும்.

தோண்டிய மண் 2,280 கிராம் என்று வையுங்கள். 1,200-ஆல் வகுத்தால் 1.90. அமெரிக்கப் பொறியாளர் புரோக்டர் 1933-இல் வெளியிட்ட முறைப்படி, லேபில் அந்த மண்ணுக்குக் கிடைத்த அதிகபட்ச உலர் அடர்த்தி 1.80. 'தாண்டிவிட்டதே, பாஸ்!' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த 1.90-இல் தண்ணீரின் எடையும் இருக்கிறது. ஈரப்பதம் 12 சதவீதம் என்றால் மறுபடி 1.12-ஆல் வகுக்க வேண்டும். வருவது சுமார் 1.70. அதாவது 94 சதவீதம். கரைக்கு வேண்டியதோ 95!

ஒருமுறை பாலத்தை ஒட்டிய கரையில் இதே நிலைமை. சாயங்கால நேரம். அடுத்த அடுக்குக்கு மண் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. சூப்பர்வைசர் சொன்னார்: "ஒரு பர்சன்ட்தானே சார், மேல மண்ணைக் கொட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" உண்மைதான். கொட்டிவிட்டால் கீழே இருப்பதை அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் நான் கையெழுத்துப் போடவில்லை. ரோலர் மறுபடி ஓடியது. வேறு இடத்தில் குழி தோண்டினோம். 96 வந்தது. லாரிகளுக்கு இரண்டு மணி நேரம் தாமதம், அவ்வளவே.

சரியாக இறுகாத கரை மழையில் அமுங்கும், பாலம் அமுங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு படி உண்டாகும். இருட்டில் ஸ்கூட்டரில் வருபவருக்கு அந்தப் படி தெரியாது.

தம்பி தங்கைகளே, லேபில் விடையை முதலில் எழுதிக்கொண்டு, ரீடிங்கைப் பின்னாலிருந்து 'தயாரிக்கும்' கலை எங்கள் காலத்திலும் உண்டு. அதை இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கால்குலேட்டர் நாம் கொடுத்த எண்ணை வகுக்கும். அளந்தாயா என்று கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர் கையெழுத்துப் போடுகிற நீங்கள்தான்.