பானை ஓட்டில் ஓர் உறுதி

(கொஸ்லந்தயில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மலையிலிருந்து வெல்லவாய வழியே தெற்கு நோக்கி இறங்கினால் திஸ்ஸமகாராமையை அடையலாம். அங்கு ஜெர்மானிய ஆய்வாளர் நடத்திய அகழ்வில் எழுத்துப் பொறித்த ஓட்டுத் துண்டொன்று கிடைத்தது. கி.மு. 200 அளவிலானது எனக் கணித்தனர். அதிலுள்ளது தமிழ்ப் பிராமி என்று கண்டு, 'திரளி முறி' என 2010இல் வாசித்தவர் ஐராவதம் மகாதேவன். கூடித் திரண்டோர் எழுதிக்கொண்ட உடன்பாடு என்பது அவர் கொண்ட பொருள். அறிஞர் சிலர் வேறு பொருளும் உரைத்தனர்.

யார் இந்த மகாதேவன்? 1930இல் பிறந்தவர், சட்டம் பயின்றவர், 1954இல் இந்திய ஆட்சிப் பணியிற் புகுந்தவர். கோப்புகளோடு வாழ்ந்த அவ்வதிகாரி, குன்றேறிக் குகைகளிற் புகுந்து கல்லெழுத்துகளைப் படியெடுத்தார். மதுரையை அடுத்த மாங்குளத்திலே நெடுஞ்செழியன் பெயரையும், புகளூரிலே சேர மன்னர் பெயர்களையும் வாசித்துக் காட்டினார். சங்கப் பாடல்களில் நாம் கேட்டிருந்த பெயர்களுக்குக் கல் சாட்சி சொல்லிற்று!

1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்குத் தொகுப்பும் அட்டவணையும் வெளியிட்டார். அம்மொழி திராவிடம் என்பதே அவர் துணிபு. ஆயினும், எழுத்தின் புதிர் முற்றும் அவிழ்ந்துவிட்டதாக அவர் முழங்கினாரில்லை. சான்று எதுவரை செல்லுமோ அதுவரையே சென்றார். 2018இல் மறையும் வரை அந்நேர்மையைக் கைவிடவில்லை. வழக்கறிஞனாகிய நான் அவரிடம் கற்றது இதுவே.

தோழர்களே! 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மூதாதையரிடம் கேட்டது என்ன? "பத்திரம் எங்கே?" என்பதே. காடு திருத்திய கைகள் பத்திரமாகவில்லை. தேயிலைச் செடி சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. நாடற்றோர் ஆனோம். 2014 அக்டோபர் 29இல் இங்கே மீரியபெத்தை சரிந்தபோது, உயிர்களோடு லயன் அறைகளும், அவற்றிலிருந்த பிறப்புச் சான்றுகளும் மண்ணுள் புதைந்தன. தோட்ட மக்களிற் பலருக்கு, குடியிருக்கும் மண்ணுக்கு உறுதி இன்றும் கிடையாது.

ஆகவே இரண்டு வேண்டுகிறேன். முதியோர் வாய்மொழியைப் பெயருடனும் ஆண்டுடனும் எழுதி வையுங்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, சம்பளச் சீட்டு அனைத்துக்கும் படியெடுத்து வேறோரிடத்திற் பேணுங்கள். மிகைப்படுத்தி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். உண்மையே நமக்குப் போதும்.

ஓடு பேச ஈராயிரம் ஆண்டு காத்திருந்தது. நம் மக்கள் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுமா? வீட்டு மண்ணுக்கு உறுதி கேட்போம், சான்றுடன் கேட்போம்!